நிவாரணம் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இடாப்பைத் திறவுங்கள்

2009 ஏப்ரல் கடைசியில், இலங்கையின் வடக்கே வன்னிச் சண்டையிலிருந்து தப்பி வந்த சனம் தங்கியிருந்த வவுனியாப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோன லொறியில் நானும் இருந்தேன். 600 பார்சல், விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைத்துக் கட்டியது. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. "கன சனம் வந்திருக்கு" என்பதுதான் எங்களிடம் இருந்த கணக்கு. லொறியின் பின்கதவைத் திறந்து பத்து நிமிடத்தில் கண்ணுக்குக் கைகள் மட்டும்தான் தெரிந்தன. தெம்பு இருந்த பெடியன்கள் ரெண்டு மூன்று பார்சலாக எடுத்தார்கள், முன்னால் நின்ற ஒரு அம்மா விழுந்துவிட்டார், நாங்கள் பயந்துபோய் மிச்சத்தை மேலே நின்று எறியத் தொடங்கினோம். பின்பக்க வகுப்பறையில் நடக்கமுடியாமல் படுத்துக்கிடந்த காயக்காரருக்கு ஒரு பார்சலும் போய்ச் சேரவில்லை. அன்றைக்கு இரவு எனக்குச் சனத்தின் மேல் கோபம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிழை லொறிக்கு மேலே நின்றவர்களுடையது என்று விளங்க இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

அதற்குப் பிறகு செட்டிகுளம் முகாம்களில் ஒழுங்காக வேலை பழகினேன். இந்தக் கட்டுரை, சண்டையிலிருந்து தப்பி வந்த சனத்துக்குச் சாமான் கொடுக்கும் வேலைக்கு முதல் தடவையாகப் போகிறவர்களுக்கு. உதாரணங்கள் அநேகமாக வன்னியும் வவுனியாவும்தான், எனக்குத் தெரிந்தது அது. காக்ஸ் பஜாரில் ரோஹிங்யா முகாமுக்குப் போனாலும், சூடான் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள் இருக்கிற சாட் நாட்டு எல்லைக்குப் போனாலும் செய்யவேண்டிய வேலையின் ஒழுங்கு பெரிதாக மாறாது. முதலில் ஆட்களை எண்ணவேண்டும், பிறகு இடாப்பில், அதாவது பதிவேட்டில், பெயர் எழுதவேண்டும், பிறகு என்ன தேவை என்று கேட்கவேண்டும், பிறகு கணக்குப் போடவேண்டும். சாமானைக் கையில் கொடுப்பது கடைசி அரைநாள் வேலை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அந்த அரைநாளைத்தான் முழு வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

போவதற்கு முன்

தனியாகப் போகாதீர்கள். ஏற்கெனவே அந்த இடத்தில் வேலை செய்கிற ஒரு அமைப்போடு போங்கள். தனியாகப் போனால் நீங்களும் தண்ணீருக்கும் படுக்கைக்கும் வாகனத்துக்கும் வரிசையில் நிற்கிற இன்னொரு ஆள், அவ்வளவுதான்.

அங்கே யாரிடம் அனுமதி என்பதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச செயலகம், விதானையார் (கிராம அலுவலர்) என்று ஒரு படிவரிசை இருக்கிறது, அதற்கு மேல் அந்தக் காலத்தில் இராணுவத்தின் பாஸும் வேண்டியிருந்தது. எந்த நாட்டிலும் இப்படி ஒரு வரிசை இருக்கும். அதோடு, உணவு, தண்ணீர், கூடாரம், சுகாதாரம் என்று துறைவாரியாக அமைப்புகள் கூடிப் பேசுகிற கூட்டங்கள் கிழமைக்கொரு தடவையாவது நடக்கும். சலிப்பாக இருக்கும், தேநீரும் நன்றாக இருக்காது, ஆனாலும் போங்கள். போகாவிட்டால் என்ன ஆகும் என்றால், ஒரே முகாமுக்கு மூன்று பேர் வாளி கொடுப்பார்கள், பக்கத்து முகாமில் தண்ணீர் அள்ள ஒரு வாளியும் இருக்காது.

மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலை, சுயாதீனம் என்ற நான்கு கொள்கைகளை எல்லாப் பயிற்சியிலும் முதல் நாளே சொல்லித் தருவார்கள். களத்தில் அவற்றின் அர்த்தம் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது: ஆயுதம் வைத்திருப்பவரின் வாகனத்தில் ஏறுவதில்லை, அவரை உங்கள் வாகனத்தில் ஏற்றுவதுமில்லை, கட்சிக் கொடியோடு வரும் லொறியில் சாமான் அனுப்புவதில்லை, தேநீர்க்கடையில் "யார் வெல்லுவினம்?" என்று கேட்டால் பதில் சொல்வதில்லை. உங்கள் மனதில் ஒரு பக்கம் இருக்கலாம். அது உங்கள் வாயிலோ சேட்டிலோ முகப்புத்தகத்திலோ தெரியக்கூடாது.

என்ன கொண்டுபோவது என்று கேட்டால், முடிந்தால் பணம். பக்கத்தில் சந்தை இயங்குகிறது என்றால், சாமானைத் தூரத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போவதைவிடச் சனத்தின் கையில் பணமாகவோ கூப்பனாகவோ கொடுப்பதே பெரும்பாலும் நல்லது, தனக்கு என்ன வேண்டும் என்று அந்தந்த வீட்டுக்குத் தெரியும். ரோஹிங்யா முகாம்களில் உலக உணவுத் திட்டமே மின்னட்டை மூலம் கடையில் சாமான் எடுக்கும் முறைக்குத்தான் போனது. சந்தையே இல்லை, பாதை பூட்டு, கடையில் அரிசி இல்லை என்ற இடத்தில்தான் லொறி வேண்டும். பழைய உடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரங்களில் வந்து குவிந்த கம்பளிச் சட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பால்மாவும் வேண்டாம், அதை ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எண்ணிக்கை என்பது உயிர் விஷயம்

2008 செப்டம்பரில் ஐ.நா. அலுவலகங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறிய பிறகு, வன்னிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே பெரிய சண்டையாக இருந்தது. 2009 தொடக்கத்தில் அரசாங்கம் சொன்ன கணக்கு 70,000 அளவில். உள்ளே இருந்த அரச அதிகாரிகளின் கணக்கு அதைப்போலப் பல மடங்கு. கடைசியில் வெளியே வந்து முகாம்களில் பதிந்தவர்கள் 280,000க்கு மேல். நிவாரணம் தலைக் கணக்கில்தான் அனுமதிக்கப்படும். அப்படியென்றால் கணக்கில் இல்லாத அவ்வளவு பேருக்கும் அரிசியும் இல்லை, பஞ்சும் மருந்தும் இல்லை. எண்ணிக்கையைப் பற்றி நான் இவ்வளவு கத்துவதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் கையில் வரப்போவது சின்ன எண்ணிக்கைதான், ஒரு பள்ளிக்கூடம், ஒரு முகாமின் ஒரு தொகுதி. அதையும் யாராவது சொன்னதை வைத்து எழுதாதீர்கள். நடந்து போய் எண்ணுங்கள். பத்துக் கூடாரத்துக்குள் தலையை நீட்டி எத்தனை பேர் படுத்தார்கள் என்று கேட்டு, சராசரி எடுத்து, மொத்தக் கூடாரங்களால் பெருக்கினால் முதல் நாளுக்குப் போதுமான ஒரு கணக்கு வரும். செட்டிகுளத்தில் ஒரு கூடாரத்துக்குள் இரண்டு மூன்று குடும்பம் இருந்தது, ஆகவே கூடாரத்தை எண்ணிவிட்டு அதையே குடும்பம் என்று எழுதினவர்களுக்கு அரைவாசிச் சனம் காணாமல் போனது.

அடுத்தது இடாப்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி: பொறுப்பானவர் பெயர், தகப்பன் பெயர், மொத்தப் பேர், ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை, கர்ப்பிணி உண்டா, நடக்கமுடியாதவர் உண்டா, கூடார இலக்கம். அடையாள அட்டை இருந்தால் அதன் இலக்கம். இல்லாவிட்டால் பரவாயில்லை, அட்டை இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். ஓடிவந்தவர்கள் பாதிப்பேரிடம் அது இருக்காது, சிலர் பயத்தில் தாங்களே எறிந்திருப்பார்கள்.

தமிழில் பெயர் எழுதுவதில் ஒரு தனிக் கரைச்சல் இருக்கிறது. காலையில் ஒரு தம்பி 'புஷ்பராணி' என்று எழுதுவார், பின்னேரம் இன்னொரு தங்கச்சி 'புஸ்பராணி' என்று எழுதுவார், கணினியில் ஏற்றும்போது மூன்றாவது ஆள் 'புட்பராணி' ஆக்கிவிடுவார். மூன்று குடும்பம், மூன்று நிவாரண அட்டை. ஜெயக்குமார், ஜெயகுமார், செயக்குமாரும் அப்படித்தான். நேர்மாறாக, ஒரே தொகுதியில் ஆறு யோகராசா இருந்து, இரட்டிப்பு என்று நினைத்து ஐந்து பேரை வெட்டியதையும் பார்த்திருக்கிறேன். அதனால் பெயரை நம்பாதீர்கள், இலக்கத்தை நம்புங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு இலக்கம், அதே இலக்கம் அட்டையில், அதே இலக்கம் கூடாரத் தறப்பாளில் பெயின்றால். எழுதி முடித்தபின் அந்தந்தத் தொகுதிக்காரரைக் கூட்டி வைத்துப் பெயர்களைச் சத்தமாக வாசியுங்கள். யார் விடுபட்டது, யார் ரெண்டு தரம் எழுதப்பட்டது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

குடும்பம் என்றால் யார் என்பதையும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். பேரனும் பேத்தியும் அம்மம்மாவோடு தனியாக வந்திருப்பார்கள், தாய் தகப்பன் எங்கே என்று தெரியாது, அது ஒரு குடும்பம். இரண்டு மனைவி உள்ள வீட்டை ஒரு குடும்பம் என்று எழுதினால் ஒருத்திக்கு அரிசி போகாது. கூடுமானவரை அட்டையைப் பெண்ணின் பெயரில் போடுங்கள்.

இவ்வளவும் எழுதுகிற அந்த இடாப்புத்தான் உங்களிடம் உள்ளதிலேயே ஆபத்தான சாமான். சண்டை நடக்கிற ஊரில், யார் எங்கே படுக்கிறார் என்று எழுதி வைத்த கொப்பி யார் கைக்குப் போகும் என்று யோசியுங்கள். "மகன் எங்கே?", "எந்த ஊரில் இருந்து எப்போது வெளிக்கிட்டீர்கள்?", "யாரோடு இருந்தீர்கள்?" என்றெல்லாம் கேட்காதீர்கள், அரிசி கொடுக்க அது தேவையில்லை. பக்கத்தைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், இரவில் வாகனத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆயுதத்தோடு ஒருவர் வந்து "லிஸ்டைக் கொஞ்சம் காட்டு தம்பி" என்று கேட்டால், வாக்குவாதப்படவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். "எனக்கு அதிகாரம் இல்லை ஐயா, பெரியவரோடு கதையுங்கள்" என்று சொல்லி உங்கள் பொறுப்பாளருக்கு உடனே அறிவியுங்கள். இதற்கான பதிலைக் களத்துக்குப் போகமுன்பே அமைப்போடு பேசி வைத்திருக்க வேண்டும்.

கேட்பது

அரிசி கொடுப்போம், பானை இருக்காது. பானை கொடுப்போம், விறகு இருக்காது. கோதுமை மா கொடுத்தால் ரொட்டி சுடத் தட்டும் தேங்காயும் வேண்டும், தேங்காய் கிடைத்தாலும் திருவலை ஒரு தொகுதிக்கு ஒன்றுதான், அதற்கும் ஒரு வரிசை. இதெல்லாம் அலுவலகத்தில் இருந்து யோசித்து வராது, அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டால்தான் வரும்.

ஆண்கள் கேட்டால் பெண்கள் "ஒன்றும் தேவையில்லை" என்பார்கள். பெண் தொண்டர் ஒருவர் தனியாக இருந்து கேட்டால் உள்ளாடை, மாதவிலக்குத் துணி, மறைப்பாகக் குளிக்க ஒரு இடம், கூடாரத்துக்கு உள்ளிருந்து பூட்டக்கூடிய ஒரு கொளுக்கி, இரவில் மலசலகூடத்துக்குப் போக ஒரு ரோச் லைட் என்று வரும். ரோச் லைட் ஆடம்பரச் சாமானா என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவர் ஒருநாள் இரவு அந்த முகாமில் தங்கியிருந்தால் கேட்டிருக்கமாட்டார்.

கணக்கு

சரி, இனிக் கணக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்பது எல்லோரும் வைத்துக்கொள்ளும் அளவு. அதைச் சாமானாக்கினால் வழக்கமான பங்கீடு ஏறத்தாழ இப்படி: அரிசி அல்லது மா 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, சத்துமா 50, சீனி 15, உப்பு 5. உங்களிடம் 1,000 குடும்பம், குடும்பத்துக்கு நாலு பேர், இரண்டு கிழமைக்குக் கொடுக்கவேண்டும் என்று வைப்போம். ஒரு குடும்பத்துக்கு அரிசி மட்டும் 22.4 கிலோ. ஆயிரம் குடும்பத்துக்கு 22,400 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 448 மூட்டை. பருப்பு, எண்ணெய், எல்லாம் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்கு 31 கிலோ, மொத்தம் 31 தொன். பத்துத் தொன் லொறி நாலு பிடிக்கவேண்டும்.

அந்த 31 கிலோவைக் கொஞ்சம் யோசியுங்கள். அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் ஒரு கையில் பேரப்பிள்ளையையும் பிடித்துக்கொண்டு அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீற்றர் நடக்கப்போகிறார். ஆகவே ஒன்று, இடத்தைக் கிட்டவாக வையுங்கள், அல்லது கிழமைக்கொரு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள், அல்லது நாலு தள்ளுவண்டியும் எட்டுப் பெடியன்களும் ஒழுங்கு செய்யுங்கள். ஒழுங்கு செய்யாவிட்டால் அங்கேயே யாராவது வந்து "நான் தூக்கித் தாறன், ரெண்டு கிலோ அரிசி தாங்கோ" என்பார். அது நடக்கும், எப்போதும் நடக்கும்.

மூட்டைகளுக்கு ஒரு குறிப்பு. வன்னிக்குப் போகும் பாதையில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஏற்றிய சாமானை எல்லாம் இறக்கி, சோதித்து, திரும்ப ஏற்றவேண்டியிருந்தது. ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் சில மூட்டை கிழியும். வெறும் சாக்கு, சணல், கோணி ஊசி எப்போதும் லொறியில் இருக்கட்டும். கிழிந்த மூட்டை எத்தனை, சிந்தியது எவ்வளவு என்று அங்கேயே எழுதி, சாரதியிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் ஒருநாளும் எழுதமாட்டீர்கள், கடைசியில் களவு எடுத்ததாகப் பெயர் உங்களுக்கு வரும்.

கொடுக்கிற நாள்

முதல் நாளே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்: என்ன சாமான், எவ்வளவு, எந்தத் தொகுதிக்கு எத்தனை மணிக்கு, அட்டை கொண்டுவரவேண்டும், காசு கொடுக்கவேண்டியதில்லை. அதையே ஒரு பலகையில் பெரிதாக எழுதி வாசலில் நட்டுவிடுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்காகச் சாமானையே மேசையில் அளந்து வையுங்கள், "நாலு பேருக்கு இவ்வளவு" என்று கண்ணால் பார்க்கட்டும். சனம் தள்ளுப்படுவதற்கு முக்கிய காரணம் பசியைவிடச் சந்தேகம்தான், தனக்கு வரமுன் முடிந்துவிடும் என்ற சந்தேகம்.

வரிசையையும் கணக்குப் போடுங்கள். அட்டை பார்த்து, இடாப்பில் தேடி, கைநாட்டு வாங்க ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் ஆயிரம் குடும்பத்துக்கு 2,000 நிமிடம், 33 மணித்தியாலத்துக்கு மேல். ஒரு மேசையோடு போய் நின்றால் நீங்கள் சனத்தை வெயிலில் கொல்லப் போகிறீர்கள். ஐந்து மேசை போட்டால் ஏறத்தாழ ஆறே முக்கால் மணித்தியாலம். காலை எட்டுக்குத் தொடங்கினால் மூன்றுக்கு முடியும், இருட்டமுன் பெண்கள் கூடாரத்துக்குப் போய்ச் சேருவார்கள். ஐந்து மேசை இல்லையென்றால் இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

இடத்தை இப்படி அமைப்போம்: உள்ளே வர ஒரு வழி, வெளியே போக எதிர்ப்பக்கம் வேறொரு வழி. இரண்டும் ஒன்றாக இருந்தால் மூட்டையோடு போகிறவரும் வெறுங்கையோடு வருகிறவரும் மோதுவார்கள். வாசலுக்குள் தறப்பாள் கட்டிய நிழல், அங்கே குடிக்கத் தண்ணீர், சனம் அங்கே இருக்கட்டும், நிற்கவேண்டாம். இருந்துகொண்டிருக்கிற கூட்டம் தள்ளுப்படாது. இது நான் கற்றுக்கொண்டதிலேயே மலிவான உத்தி. அதிலிருந்து இருபது இருபது பேராகக் கயிற்றுப் பாதைக்குள் விடுங்கள், மேசை, அப்புறம் அரிசி, அப்புறம் பருப்பு, எண்ணெய், வெளியே. கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர், வயோதிபர், ஊன்றுகோல்காரர் வருவதற்குத் தனி வழி. லொறிகள் ஒருபோதும் சனத்தின் கண்ணுக்கு முன்னால் நிற்கக்கூடாது, அது முக்கியம். பின்னால் நிறுத்தி, சாமானை முன்கூட்டியே இறக்கி அடுக்கிவிடுங்கள்.

அளக்கிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 50 கிலோ மூட்டையைப் பிரித்துத்தான் பருப்பும் சீனியும் கொடுக்கவேண்டியிருக்கும். ஒவ்வொருவருக்கும் தராசில் நிறுக்க நேரம் இல்லை. நாங்கள் மாப்பால் ரின் ஒன்றை எடுத்து, ஒருவருக்குரிய பருப்பை முதலில் தராசில் நிறுத்து, ரின்னில் கொட்டி, அது நின்ற மட்டத்தில் தகரத்தை வெட்டி, ஓரத்தைச் சுத்தியலால் தட்டி மடக்கி அளவுச் சுண்டு ஆக்கினோம். தலைக்கு ஒரு சுண்டு, மட்டத்துக்குக் கைவிரலால் வழித்துவிடுவது. அரிசிக்கு வேறு ரின், சீனிக்கு வேறு, கலந்து போகாதிருக்க ஒவ்வொன்றிலும் சிவப்பு, நீலம், பச்சைப் பெயின்ற். அளக்கிறவர் களைத்துப் போகும்போது கை மாறும், வழிக்காமல் குவித்துப் போடுவார் அல்லது குறைத்துப் போடுவார், தெரிந்த முகத்துக்குக் கொஞ்சம் கூடும். மணிக்கொரு தடவை ஆளை மாற்றுங்கள். பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் ஒருவருடைய பையைக் கேட்டு வாங்கித் திரும்ப நிறுத்துப் பாருங்கள். அளக்கிற இடத்துக்குக் கீழே ஒரு தறப்பாள் விரியுங்கள். விரிக்காத நாட்களில், எல்லாம் முடிந்தபின் இரண்டு மூன்று பெண்கள் ஈர்க்கு விளக்குமாற்றோடு வந்து மண்ணோடு பருப்பைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவார்கள். அதை ஒரு தரம் பார்த்தால் தறப்பாளை மறக்கமாட்டீர்கள்.

கூட்டம் நெருங்கினால் கொடுப்பதை நிறுத்துங்கள். சத்தம் போடாதீர்கள், தடி எடுக்கிற ஆளைப் பக்கத்தில் வைத்திருக்காதீர்கள். ஒலிபெருக்கியில் "எல்லோரும் இருங்கோ, இருந்தாப் பிறகு தொடங்குவம்" என்று சொல்லிவிட்டு நீங்களும் இருந்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் சரிவரும். சாமான் முடிந்துபோனால் முடிந்துவிட்டது என்று உண்மையைச் சொல்லுங்கள், மிச்சப் பேரின் இலக்கங்களை எழுதுங்கள், எப்போது வரும் என்று தெரிந்தால் மட்டும் திகதி சொல்லுங்கள். எறிவது மட்டும் கிடையாது.

வரமுடியாதவர்கள் இருப்பார்கள். இடாப்பில் நடக்கமுடியாதவர் என்று எழுதி வைத்தீர்களே, அதற்குத்தான். பின்னேரம் அந்த வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போங்கள்.

தண்ணீர், மலம், குழந்தைகள்

பசியைவிட வேகமாகச் சனத்தைக் கொல்வது வயிற்றோட்டம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆகக்குறைந்தது 15 லீற்றர் தண்ணீர். மேலே சொன்ன 4,000 பேருக்கு 60,000 லீற்றர், 10,000 லீற்றர் பவுசர் என்றால் ஒரு நாளைக்கு ஆறு ஓட்டம். ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் வேண்டாம், வரிசையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்கவைக்க வேண்டாம். மலசலகூடம் முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியாக, உள்ளே பூட்டு. குழி வெட்டமுன் மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். 2009 ஓகஸ்ட் மழைக்குச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் கூடாரங்களுக்குள் வெள்ளம் வந்தது, மலக்குழிகள் நிரம்பி வழிந்தன. அது சோளகக் காலம், பெரிய மாரி இன்னும் வரவேயில்லை.

பால்மா விஷயம்: பால்மாவைக் கரைக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும், போத்தல் அவிக்க விறகு வேண்டும், இரண்டும் முகாமில் இல்லை. பொதுவாகக் கொடுத்தால் பால் கொடுக்கிற தாயும் நிறுத்திவிடுவார், பிள்ளை வயிற்றோட்டத்தில் போகும். தாய் இல்லாத குழந்தைக்கு மட்டும், சுகாதார ஆட்களின் கண்காணிப்பில் கொடுக்கலாம். தாய்க்குச் சத்துமாவும் தண்ணீரும் மறைப்பாக இருக்க ஒரு மூலையும் கொடுங்கள். ஆறு மாதம் தொடக்கம் ஐந்து வயது வரையான பிள்ளைகளின் சத்துக்குறைவைக் கண்டுபிடிக்க மேற்கையைச் சுற்றி அளக்கிற நாடா ஒன்று இருக்கிறது, அரைமணியில் பழகலாம். 115 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் சிவப்பு, அன்றைக்கே வைத்தியரிடம். 125க்குக் கீழே மஞ்சள், மேலதிக சத்துணவுக்குப் பெயர் எழுதுங்கள்.

உங்கள் உயிர்

2006 ஓகஸ்டில் மூதூரில் பசிக்கெதிரான செயற்பாடு என்ற பிரெஞ்சு அமைப்பின் ஊழியர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நிறுவனத்தின் சீருடைச் சேட்டோடு, தங்கள் அலுவலக வளவிலேயே. 2009 ஜனவரியில் வன்னிக்குப் போன ஐ.நா.வின் பதினோராவது வாகனத் தொடர் உள்ளே அகப்பட்டது. தங்கள் இருப்பிடத்தை இராணுவத்துக்கு அறிவித்திருந்தும் அவர்கள் இருந்த இடத்தைச் சுற்றி ஷெல் விழுந்தது. 2024 ஏப்ரல் 1ஆம் திகதி காசாவில், போகும் பாதையை முன்கூட்டி அறிவித்துவிட்டுப் போன உணவு நிவாரண ஊழியர்கள் ஏழு பேர் வான் தாக்குதலில் இறந்தார்கள். இருப்பிடம் அறிவிப்பது அவசியம், கட்டாயம் செய்யுங்கள், ஆனால் அது கவசம் என்று நம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகாதீர்கள்.

ஒரு வாகனமாகப் போகவேண்டாம், இரண்டாகப் போங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும், அந்த நேரம் தாண்டினால் அவர் என்ன செய்யவேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். சென்றியில் (சோதனைச்சாவடியில்) வாகனக் கண்ணாடியை இறக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, இரவென்றால் உள் லைட்டைப் போட்டு, மெதுவாக. போன் கையில் இருக்கக்கூடாது. சனம் நடந்து தேய்ந்த பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள், சலம் கழிக்கக்கூட. மிதிவெடி அங்கேதான் இருக்கும். காலையில் தெருவில் சனமே இல்லை, கடை பூட்டு என்றால் திரும்பிவிடுங்கள், காரணத்தைப் பிறகு விசாரிக்கலாம்.

பாதை பூட்டினால் வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பது பெரியவர்களின் வேலை. 2009 பெப்ரவரியிலிருந்து மே மாதம் வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடலால்தான் போனது, கப்பல் கரைக்குக் கிட்ட வரமுடியாமல், புதுமாத்தளன், பிறகு முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து காயக்காரரைச் சின்னப் படகுகளில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பக்கத்தின் சம்மதமும் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான். சம்மதம் கிடைக்காத நாளில் போகவில்லை.

சில கண்டிப்பான விஷயங்கள்

சாமானுக்குப் பதிலாக யாரும் எதையும் கேட்கக்கூடாது, காசோ, வேலையோ, வேறெதுவோ. பெண்களிடமும் பிள்ளைகளிடமும் அப்படிக் கேட்கிற ஆட்கள் இந்தத் துறையிலும் இருக்கிறார்கள். தெரிந்தால் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள், அமைப்பில் இதற்கென்று இருக்கும் ஆளிடம் அன்றைக்கே சொல்லுங்கள். முறைப்பாடு சொல்லச் சனத்துக்கும் ஒரு வழி வேண்டும். பெட்டி வைத்தால் மட்டும் போதாது, அந்தப் பெட்டிக்கு முன்னால் எல்லோரும் பார்க்க யார் போய்ப் போடுவார்? கிழமைக்கு ஒருநாள் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் தனி மேசை போட்டு இருங்கள்.

படம் எடுக்கவேண்டும் என்று கொடையாளர் கேட்பார். மூட்டையை, லொறியை, வெட்டிய ரின்னை எடுங்கள். அரிசி வாங்க நீட்டிய கையோடு ஒரு மனிதரின் முகத்தை எடுக்கவேண்டாம். அவர் வீட்டில் நெல்லுப் பத்தாயம் இருந்திருக்கும்.

இரண்டு கிழமை கழித்து

கொடுத்து முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அன்றைக்கே களஞ்சியத்தில் போய் வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, கிழிந்தது, மிச்சம் என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். இடாப்பில் உள்ள கைநாட்டுகளின் எண்ணிக்கையும் போன சாமானும் பொருந்தவேண்டும். இரண்டு மூன்று கிலோ வித்தியாசம் வரும், அது சிந்தியது. இரண்டு மூட்டை வித்தியாசம் வந்தால் இரவு படுக்கமுன் தேடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இருபது கூடாரத்துக்குப் போய் என்ன மிச்சம் இருக்கிறது, என்ன விற்றார்கள் என்று கேளுங்கள். விற்றதற்குக் கோபப்படாதீர்கள். சத்துமாவை விற்று மீன் வாங்கியிருப்பார்கள், மிளகாய்த்தூள் வாங்கியிருப்பார்கள், பிள்ளைக்குக் கொப்பி வாங்கியிருப்பார்கள். எதை விற்கிறார்களோ அதை நீங்கள் கூடக் கொடுத்துவிட்டீர்கள், எதை வாங்குகிறார்களோ அதைக் கொடுக்க மறந்துவிட்டீர்கள். எங்கள் தொகுதியில் முதல் தடவை அநேகம் பேர் வாங்கியிருந்தது மிளகாய்த்தூளும் சவர்க்காரமும். அடுத்த பட்டியலில் இரண்டையும் சேர்த்து எழுதி, புதிதாக வந்து சேர்ந்த முப்பத்தொரு குடும்பத்தின் பெயரையும் இடாப்பின் கடைசிப் பக்கத்தில் ஏற்றினோம்.